குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

போதைப்பொருள் என்றாலே எல்லோரும் அடிமைத்தனத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சரிதான், ஆனால் உயிர் போவதற்கு அடிமையாகியிருக்க வேண்டியதில்லை. பசையையோ தின்னரையோ முகர்ந்தவரின் இதயம் முதல் தடவையிலேயே நின்றுவிடலாம்.

அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது கலப்பு. மதுவோடு தூக்க மாத்திரையோ ஓபியம் வகை வலி மாத்திரையோ சேர்ந்தால், மூச்சை இயக்கும் மூளைப்பகுதி மந்தமாகிவிடும். குறட்டை போலக் கரகரவென்று சத்தம் வரும். 'தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்' என்று நண்பர்கள் போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். அது தூக்கமில்லை. தட்டியும் எழவில்லை என்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். நாலோக்சோன் என்ற மருந்து ஓபியத்தின் பிடியைச் சில நிமிடங்களில் விலக்கும். மதுவிடமும் தூக்க மாத்திரையிடமும் அது பலிக்காது.

அப்புறம், சில மாதம் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுப்பது. அதைத் தாங்கும் பழக்கம் உடலுக்கு விட்டுப்போயிருக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. வீட்டாரிடம் இதை யாராவது சொல்லி அனுப்புகிறார்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்