வழக்கொழிந்த மாநிலச் சட்டங்களை மறுஆய்வு செய்து நீக்கறவு செய்யக் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
சட்டத் துறை, தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: காலத்துக்கு ஒவ்வாத தமிழ்நாட்டுச் சட்டங்களை மறுஆய்வு செய்து, நீக்கறவுச் சட்டமுன்வடிவு (அவற்றை நீக்கும் மசோதா) கொண்டுவரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அரசமைப்புச் சட்டத்தின் 372ஆவது உறுப்பின்படி, அதற்கு முன் இயற்றப்பட்ட சட்டங்கள், உரிய சட்டமன்றம் திருத்தும்வரை அல்லது நீக்கும்வரை நடைமுறையில் நீடிக்கின்றன. மாநிலத்தின் பெயர் மாறிய 1969இல் வெளியான சட்டத் தழுவல் ஆணையால் பல பழைய சட்டங்களின் தலைப்பில் ‘தமிழ்நாடு’ என்ற பெயர் ஏறியது; அவை இன்றைய வாழ்வுக்குப் பொருந்துமா என்று ஆராய்வது அந்த ஆணையின் நோக்கமாக இருக்கவில்லை. அந்த ஆய்வைத்தான் இம்மனு கோருகிறது.

எடுத்துக்காட்டாக, 1945ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். வறுமையால் கையேந்துவதைக் குற்றமாகக் கருதும் இதே வகைச் சட்டம் ஒன்று டெல்லியிலும் நடைமுறையில் இருந்தது. அதன் தண்டனைப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாதென அறிவித்தது. வேலையும் உறைவிடமும் தரப்பட வேண்டிய ஒருவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் அரிதாகவே பயன்படுகிறது என்பது அதை வைத்திருப்பதற்குக் காரணமாகாது. எப்போதாவது எடுக்கப்படும் சட்டம், பெரும்பாலும் எதிர்த்துக் கேட்க வலுவில்லாதவர் மீதே எடுக்கப்படுகிறது என்பதே என் அச்சம்.

நீதிமன்றம் செல்லாதென அறிவித்த பிரிவுகளும் சட்டநூலில் அப்படியே நிற்கக் கூடாது. இணையவழியில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாததாக்கிய பின்னரும், அதன்கீழ் வழக்குகள் பதிவாகி வந்தது கண்டு அதே நீதிமன்றம் 2021இல் அதிர்ச்சி தெரிவித்தது.

ஒன்றிய அரசு வழக்கொழிந்த சட்டங்களைக் கண்டறிய 2014இல் இராமானுஜம் குழுவை அமைத்து, அதன் பின்னர் 1,500க்கும் மேற்பட்ட பழைய சட்டங்களை நீக்கியுள்ளது. நம் சட்டமன்றம் இயற்றியவற்றை ஆராயும் பொறுப்பு நமக்கே உரியது. ஆகவே, ஒவ்வொரு துறையும் தன் பொறுப்பிலுள்ள சட்டங்களை, எதன்கீழ் கடைசியாக எப்போது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற விவரத்துடன் பட்டியலிடவும், அப்பட்டியலைத் தமிழில் இணையத்தில் வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைப் பெறவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையிலான குழு அவற்றை ஆராயவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளதால், அந்தப் பழைய தண்டனைச் சட்டத்தைச் சுட்டும் மாநிலச் சட்டப் பிரிவுகளையும் அதே குழு சீர்செய்யலாம்.

பழைய சட்டத்தை நம்பி நிலமோ ஓய்வூதியமோ பெற்றவர்களின் உரிமை பாதிக்கப்படாதவாறு, நீக்கறவுச் சட்டத்தில் காப்புரை தெளிவாக இடம்பெற வேண்டும். பயன்பாட்டில் உள்ளதா என்ற ஐயம் எழும் சட்டங்களை அவசரப்பட்டு நீக்காமல், தொடர்புடையோரை விசாரித்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்