மைலோ காலேஜ் போவதற்கு முன்னால்

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, பாட்டி எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி தட்டினால் ஆகாதா என்று கேட்பாய். வேலைக்காலம் பூராவும் ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் ராத்திரி ஷிஃப்டில் ஊரார் கடிதங்களைப் பிரித்து அடுக்கினவன் நான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தால் எனக்குக் காகிதம்தான் தோதுப்படும்.

விசா வந்துவிட்டது, செப்டம்பர் கடைசியில் ஜெர்மனி என்று போனில் சொன்னாய். அம்மா அன்றைக்கே தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அதே போனில், "பேண்ட் அப்படியே கலைஞ்சிடும்ப்பா, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றும் சொன்னாய். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது என் போனில் ஒரு ஆல்பத்தை ஏற்றிவிட்டுப் போனாயே, டிசென்டென்ட்ஸ் என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் 'மைலோ கோஸ் டு காலேஜ்', அதை இப்போதுதான் உட்கார்ந்து கேட்டேன். முதல் தடவை எரிச்சல்தான் வந்தது. நாலு பேரும் எதையோ தொலைத்துவிட்டு ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல். மொத்தம் 15 பாட்டு, 22 நிமிடம். நான் ஒரு காபி குடித்து, டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் முடிந்துவிட்டது. சரி, நாம் ரெண்டு பேரும் வாசிக்கிற டிரம்ஸை மட்டும் கேட்போம் என்று இரண்டாம் தரம் போட்டேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

எங்கள் மெல்லிசைக் குழுவில் ஒரு பாட்டு என்றால் என்ன கணக்கு? பல்லவி, ஒரு பிஜிஎம், சரணம், மறுபடி பிஜிஎம், இன்னொரு சரணம். நாலரை நிமிடம் குறையாது. இவர்கள் பிஜிஎம்மை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். கிடார்காரர் தனியாக நின்று வித்தை காட்டும் இடமே அநேகமாகக் கிடையாது. சரணம் முடிந்த கையோடு பல்லவி, பல்லவி முடிந்தால் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கரடியாகிவிட ஆசைப்படும் ஒரு பாட்டு 40 விநாடிதான் ஓடுகிறது. ஆனால் அதிலும் எடுப்பு இருக்கிறது, திருப்பம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. எதையும் பாதியில் விட்ட மாதிரி இல்லை. 'பைக்கேஜ்'தான் இருப்பதிலேயே நீளம், அதுவே 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

முதல் பாட்டு 'மையேஜ்' தொடங்கும் இடத்தைக் கவனித்தாயா? பேஸ் கிடார் மட்டும் தனியாக வந்து ஒரு மெட்டைப் போடுகிறது. அப்புறம்தான் மற்றவர்கள் விழுகிறார்கள். நம் கச்சேரியில் இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் ஸ்னேர் டிரம் அடி விழும், அதற்குள் பாடகர் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இங்கே கால் ஒன்று, கை ஒன்று, கால் ஒன்று, கை ஒன்று என்று இடைவெளியே இல்லாமல் போகிறது. நாற்காலிக் கையில் வாசித்துப் பார்த்தேன். அந்த வேகத்தில் குச்சியை நீ தூக்க முடியாது, அடித்த அடியில் அதுவே எழும்பி வர வேண்டும். மணிக்கட்டை இறுக்கினால் தீர்ந்தது கதை. அரைப் பாட்டுக்குள் எனக்கு முழங்கை வரை வலி ஏறிவிட்டது. இத்தனைக்கும் வாசித்த பில் ஸ்டீவன்சனுக்கு அப்போது 18 வயது. வேகமாக அடிக்க நிறையப் பேர் உண்டு. வேகத்துக்குள் பாட்டின் மெட்டை மிதிக்காமல் அடிக்கிறவன் அபூர்வம். அந்தப் பையன் மெட்டைத் தெரிந்து அடிக்கிறான். குழுவில் பாட்டு எழுதுகிறவர்களில் அவனும் ஒருவன் என்று பிறகு படித்ததும், அதானே என்று தோன்றியது.

கேட்டதோடு விடவில்லை, அவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அம்மா கூட, "இந்த வயசுல என்ன பரீட்சைக்குப் படிக்கிறீங்க?" என்றாள். லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தெற்கே கடலோரமாக ஹெர்மோசா பீச், மன்ஹாட்டன் பீச், ரெடோண்டோ பீச் என்று வரிசையாக ஊர்கள். ஹார்ட்கோர் பங்க் என்கிற இந்த அசுர வேக இசை சூடு பிடித்த இடங்களில் அந்தக் கரையும் ஒன்று. பிளாக் ஃபிளாக் என்ற பேர்பெற்ற குழு ஹெர்மோசா பீச்சில் பிறந்தது. பக்கத்து சான் பெட்ரோவில் மினிட்மென் என்று ஒரு குழு 1981இல் போட்ட ஆல்பத்தில் 18 பாட்டு, 15 நிமிடம்! அந்த மினிட்மென் பையன்கள் நடத்திய நியூ அலையன்ஸ் என்ற சின்ன கம்பெனிதான் உன் மைலோ ஆல்பத்தையும் வெளியிட்டது. பெரிய கம்பெனிக்காரன் கூப்பிடட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. ஒருத்தன் கம்பெனி தொடங்கினான், இன்னொருத்தன் ரிக்கார்டு போட்டான்.

இந்த டிசென்டென்ட்ஸ் தொடக்கத்தில் இவ்வளவு வேகமில்லை. 1979இல் போட்ட முதல் சிங்கிள் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களின் பாட்டு மாதிரி நிதானமாகப் போகிறது. 1980இல் மைலோ ஆக்கர்மேன் பாட வந்து சேர்ந்த பிறகுதான் நாலு கால் பாய்ச்சல். 1981இல் ஒரு சின்ன ரிக்கார்டு போட்டிருக்கிறார்கள், அதில் சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் கொடுப்பதையே ஒரு பாட்டாக்கிப் பத்துப் பதினோரு விநாடியில் முடித்துவிட்டார்கள். அதே ரிக்கார்டில் அப்பாவைத் திட்டி ஒரு பாட்டு இருக்கிறது. அதை மட்டும் நீ ஏன் என் போனில் ஏற்றவில்லை என்பது புரிகிறது. ஆனால் இந்த ஆல்பத்திலும் பெற்றோர் வாய் ஓயவே மாட்டேன் என்கிறது என்று ஒரு பாட்டு இருப்பதை நீ கவனிக்கவில்லை போல.

எனக்குப் பிடித்த ஆள் யார் தெரியுமா? பேஸ் வாசித்த டோனி லோம்பார்டோ. மற்ற மூவரும் இருபதை ஒட்டின பையன்கள், இவர் 35ஐத் தாண்டினவர். பிழைப்புக்கு என்ன செய்தார்? தபால் இலாகா! நம்ம டிபார்ட்மென்ட்! பின்னால் குழு நெடும்பயணம் கிளம்பியபோது, வேலையை விட்டுவிட்டு வேனில் ஊர் ஊராகச் சுற்ற அவருக்கு மனமில்லை, விலகிக்கொண்டார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். 'சபர்பன் ஹோம்' என்ற பாட்டு அவர் எழுதியது. ஊரோரத்தில் அப்பா அம்மா மாதிரி ஒரு வீடு வேண்டும் என்கிறது. கேட்கிறவர்கள் நடுத்தர வர்க்கத்துக்குக் கேலி என்று எடுத்துக்கொள்கிறார்கள். எழுதின மனுஷனுக்கு நிஜமாகவே அப்படி ஒரு அமைதியான வீடு வேண்டியிருந்திருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்தவனுக்குத் தெரியும் அந்த ஆசை.

எல்லாப் பாட்டும் எனக்கு ஒத்துவந்தது என்று நினைக்காதே. 'ஐம் நாட் எ லூசர்' என்பதில் ஓரினச் சேர்க்கையாளர்களைக் கேவலமாகச் சொல்லும் வார்த்தைகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பையன் கோபத்தில் தனக்கும் கீழே யார் என்று தேடுகிற புத்தி அது. வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம்தான், எனக்குக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. அதைத் தாண்டிவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அட்டையில் கண்ணாடியும் டையும் போட்டு, தலைமுடியைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற பொம்மைதான் பாடகன் மைலோ. பள்ளிக்கூடத்தில் அவனைப் படிப்பாளி என்று கிண்டல் செய்ய ஒரு பையன் வரைந்த கேலிச் சித்திரத்திலிருந்து பிறந்த உருவம். காலேஜில் உயிரியல் படிக்கப் போகிறான், பாடகன் கையை விட்டுப் போகிறான் என்று ஆனதும் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 1982 ஜூனில் ரெடோண்டோ பீச்சில் டோட்டல் ஆக்ஸஸ் என்ற ஸ்டுடியோவுக்குப் போய், ஸ்பாட் என்று பெயர் வைத்துக்கொண்ட ரிக்கார்டிங்காரரை உட்காரவைத்து, கையில் இருந்ததையெல்லாம் பதிவு செய்தார்கள். செப்டம்பரில் ஆல்பம் வந்தது. அவன் போவதையே தலைப்பாகவும் வைத்துவிட்டார்கள். பிரியாவிடைக் கூட்டம் போட்டு அழுவதை விட இது எவ்வளவோ மேல்.

அவனும் சும்மா காலேஜுக்குப் போய்வந்தவன் இல்லை. 1985இல் திரும்பி வந்து பாடினான். மறுபடியும் மேல்படிப்புக்குப் போனான், சான் டியேகோவில் டாக்டர் பட்டம் வாங்கினான், டூபான்ட் கம்பெனியில் தாவர ஆராய்ச்சி செய்தான், 2016இல் அதை விட்டுவிட்டுக் குழுவோடு முழுநேரமும் சேர்ந்துகொண்டான். இடையில் மற்றவர்கள் வேறு பாடகர்களை வைத்து வேறு பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆக, நீ ஜெர்மனி போனால் எல்லாம் முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. நீயும் நினைக்காதே. ஆனால் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கிடார்காரர் ஃபிராங்க் நவெட்டா கதையைப் படித்துப் பார். அவர் ஒருநாள் தன் வாத்தியச் சாமான்களையெல்லாம் கொளுத்திவிட்டு ஒரேகான் பக்கம் மீன்பிடிக்கப் போய்விட்டார். அவருக்கும் பில்லுக்கும் சின்ன வயதிலிருந்தே மீன்பிடிதான் இன்னொரு பைத்தியம். 2002இல் அந்தப் பழைய ஆட்கள் ஒன்றுகூடி, 1977க்கும் 1980க்கும் நடுவில் எழுதி, பெரும்பாலும் பதிவு செய்யாமலே கிடந்த பாட்டுகளை வாசித்துப் பதிந்து வைத்தார்கள். 2008இல் நவெட்டா இறந்துபோனார். மைலோ அந்தப் பாட்டுகளுக்குக் குரல் கொடுத்தது கொரோனா சமயத்தில், 2020இல். அடுத்த வருஷம் ஆல்பமாக வந்தது. லாங் பீச்சில் அவர்கள் ஒத்திகை பார்த்த தெரு முனையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள், '9த் அண்ட் வால்நட்'. செத்துப்போன மனுஷன் அதில் என்ன போடு போடுகிறார் கேள்! 2002இல் அவர்கள் கூடாமல் இருந்திருந்தால் அது எங்கே இருந்திருக்கும்?

எங்கள் குழு கலைந்தபோது யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. நாங்கள் வாசித்ததெல்லாம் ராஜா சார் பாட்டு, அதற்கு அசல் கேசட்டே இருந்தது. உங்களுடையது அப்படியா? வேளச்சேரியில் அந்தக் கார் ஷெட்டில் நீங்கள் போட்ட பாட்டுகள் உங்கள் நாலு பேர் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன. யார் தலையிலிருந்து எது எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் பதிந்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட வராது என்று நீயே சொல்லியிருக்கிறாய். தனித்தனியாக அறை அறையாக உட்கார்ந்து வாசிக்காதீர்கள். நாலு பேரும் ஒன்றாக நின்று வாசியுங்கள், குரலை மட்டும் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். நீ அனுப்பின வீடியோவில் மூன்றாவது பாட்டில் ரோல் முடிந்து ஒன்றில் விழும்போது ஒரு மயிரிழை முந்துகிறாய். வேகம் காரணமில்லை, பயம் காரணம். குச்சியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடி. என் பழைய ஸ்னேர் வேண்டுமென்றால் சொல், தோல் மாற்றிப் பல்லவனில் கொண்டுவந்து தருகிறேன். பார்சலில் போட மனசு வரவில்லை, பார்சலை எப்படிக் கையாளுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜோயல் புது வேலையில் லீவு கிடைக்காது என்கிறானா? சனி ஞாயிறு போதும். ஸ்டுடியோ ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்து எழுது. டி.ஏ. அரியர்ஸ் வந்திருக்கிறது. அம்மா அதில் உனக்கு ஸ்வெட்டர், சூட்கேஸ், பிரஷர் குக்கர் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். குக்கரை அங்கே வாங்கிக்கொள்வாய் என்று நான் பேசிப் பார்க்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பாட்டிக்கு ஒருநாள் வீடியோ காலில் வா, கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்த வீட்டு ஓனரைத் திட்டுகிற பாட்டில் அவர் பெயரை அப்படியே போட்டிருக்கிறீர்கள். பதிவு செய்யும்போது மாற்றிவிடுங்கள். அட்வான்ஸ் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.