ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஹெட்செட்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். கேம் விளையாட ஐயாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஹெட்செட் வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று போனில் கேட்டாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் பாதியை நீ கேட்டிருக்க மாட்டாய், மீதியை மறந்திருப்பாய் என்பதால் எழுத உட்கார்ந்தேன். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு நீளமாகக் கடிதமா என்று உன் அப்பா கேட்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டின் முன்னால் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே சம்பளம் வாங்கியவளிடம் கேட்கிற கேள்வியா அது?

நீ அனுப்பிய பட்டியலில் ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) எத்தனை மில்லிமீட்டர், ஒலி எத்தனை ஹெர்ட்ஸில் தொடங்கி எத்தனை ஹெர்ட்ஸில் முடிகிறது, சுற்றிலும் இருந்து ஒலி வருவதுபோலக் காட்டும் 7.1 உண்டா இல்லையா என்றெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாய். ஆனால் எடை எவ்வளவு, காதுமெத்தை எதனால் ஆனது, மூக்குக்கண்ணாடியோடு போட முடியுமா என்ற மூன்றும் அதில் எங்குமே இல்லை. நான் அவற்றிலிருந்துதான் தொடங்குவேன். வயதானவள் சௌகரியத்தைத் தேடுகிறாள் என்று இதைத் தள்ளிவிடாதே. மெத்தை காதைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் படிந்து உட்கார்ந்தால்தான் உள்ளே இருக்கும் காற்று வெளியேறாமல் நிற்கும். அது ஓர் ஓரத்தில் கசிந்தாலும் முதலில் குறைவது தாழ்ந்த ஒலிகள், அதாவது நீங்கள் பேஸ் என்று சொல்வது. ஆகவே ஒரே ஹெட்செட் இரண்டு பேர் தலையில் இரண்டு விதமாக ஒலிக்கும். பொருத்தம் ஒரு தலைப்பு, சத்தம் இன்னொரு தலைப்பு என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வீட்டில் உன் தங்கையிடம் இருப்பது ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர். 2016-இல் அமெரிக்காவில் 50 டாலர் விலையில் வந்த மாடல் அது. அந்தப் பிராண்டு அப்போது கிங்ஸ்டன் கம்பெனியிடம் இருந்தது, 2021-இல் எச்பி வாங்கிக்கொண்டது. உன் பட்டியலிலும் அது இருக்கிறது என்பதால் அவள் கல்லூரிக்குப் போயிருந்த நேரங்களில் அதை நானே மாட்டிக்கொண்டு, பாட்டும் பேச்சும் அவளுடைய கேமும் கேட்டுப் பார்த்தேன். அதன் எடை 275 கிராம். லாஜிடெக் ஜி335, ரேசர் பிளாக்‌ஷார்க் வி2 எக்ஸ் இரண்டும் 240 கிராம். ஒயர் இல்லாத லாஜிடெக் ஜி435 வெறும் 165 கிராம். முப்பது நாற்பது கிராம் ஒரு பொருட்டா என்று தோன்றும். முதல் அரைமணி நேரத்தில் பொருட்டில்லைதான். மூன்றாவது மணி நேரத்தில் உச்சந்தலையில் ஓர் இடம் மட்டும் வலிக்கத் தொடங்கும்போது அது தெரியும். கல்யாணப் பட்டுப்புடவையைக் கடைக் கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்ப்பதுபோல ஹெட்செட்டை ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

எடை மொத்தம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே இறங்குகிறது என்பது முக்கியம். தலைப்பட்டையை மிகவும் குட்டையாக வைத்தால் பாரம் முழுவதும் உச்சியில் விழும். மிகவும் நீளமாக இழுத்தால் பட்டை தலையைத் தொடாமல் நிற்க, காதுகள் இரண்டும் தாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பல்லாக நகர்த்தி, உச்சியும் காதோரங்களும் சேர்ந்து தாங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டிங்கரில் அந்த நகரும் பகுதி எஃகு, வெளிக்கூடு பிளாஸ்டிக். ஜி335-இல் தலையைத் தொடுவது தடித்த பட்டை இல்லை, இழுபடும் துணி நாடா. அது மண்டையின் வளைவுக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொள்வதால் பாரத்தை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்பிவிடும். பக்கவாட்டு இறுக்கம் வேறு விஷயம். புதிதில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். நாலைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் இரவு முழுவதும் மாட்டி வைத்தால் தளரும். ஆனால் தளர்ந்துபோனதைத் திரும்ப இறுக்க வழியில்லை என்பதால் ஒரேயடியாக விரித்துவிடாதே.

நீ கண்ணாடி போடுகிறவன். கண்ணாடியின் காம்பு காதுக்கு மேலே மெத்தைக்கும் மண்டைக்கும் நடுவில் போவதால், இறுக்கமான ஹெட்செட்டில் அந்தக் காம்பு எலும்பில் அழுந்தி ஒரு மணி நேரத்தில் தலைவலியைக் கொண்டுவரும். தளர்ந்த ஹெட்செட்டிலோ காம்பு போகும் வழியே காற்றும் கசியும். இதைச் சோதிப்பது எளிது. பேஸ் உள்ள ஒரு பாட்டைக் கண்ணாடியோடு ஒரு முறையும், கழற்றிவிட்டு ஒரு முறையும் கேள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் அந்த மெத்தை உனக்கு ஆகாது. உன் தங்கைக்குக் கண்ணாடி இல்லை, ஆனால் தோட்டின் திருகாணி இருக்கிறது. மெத்தை காதுமடலைப் பின்பக்கமாக அழுத்தும்போது அது கழுத்தோரம் குத்துகிறது என்று விளையாடும்போதெல்லாம் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தேடுகிறாள். இந்த மாதிரி சங்கதிகளை எந்தப் பெட்டியிலும் அச்சடிக்க மாட்டார்கள். இன்னொன்றும் பார்க்க வேண்டும். மெத்தையின் குழி ஆழமாக இல்லையென்றால் காதுமடலின் விளிம்பு உள்ளே டிரைவரை மூடியிருக்கும் துணியில் உரசிக்கொண்டே இருக்கும். முதலில் கவனத்துக்கே வராது. பிறகு அதைத் தவிர வேறெதுவும் கவனத்துக்கு வராது.

மெத்தையின் மேலுறை தோலைப் போன்ற ரெக்ஸினா, துணியா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ரெக்ஸின் நன்றாக அடைக்கும், வெளிச் சத்தத்தைக் குறைக்கும், பேஸைக் காப்பாற்றும், ஆனால் வியர்க்கும். இங்கே மதுரையில் சித்திரை மாதத்தில் அதை மாட்டிக்கொண்டால் காதோரம் நனைந்துவிடுகிறது. நீ பெங்களூரில் இருப்பதால் அவ்வளவு கஷ்டம் இருக்காது. துணி காற்றோட்டமாக இருக்கும், கண்ணாடிக் காம்புக்கும் இடம் கொடுக்கும். ஆனால் அறையில் இருக்கும் மற்றவர்கள் பேசுவதும் உள்ளே வரும். எதுவானாலும் தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையோடு மாட்டாதே. எண்ணெயும் வியர்வையும் சேர்ந்தால் ரெக்ஸின் வெடித்துத் தோல் தோலாக உரியும். மெத்தையைக் கழற்றி வேறு போட முடியுமா என்று வாங்குமுன் கேட்டுவிடு.

இனிச் சத்தத்துக்கு வருகிறேன். 18 ஹெர்ட்ஸிலிருந்து 23,000 ஹெர்ட்ஸ் வரை என்று ஸ்டிங்கருக்குப் போட்டிருக்கிறார்கள். மனிதக் காது கேட்பதே ஏறத்தாழ 20 முதல் 20,000 வரைதான், அதிலும் மேல்பகுதி வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். அந்த வரம்புக்குள் எந்த ஒலி எவ்வளவு தூக்கலாகவும் எது அமுங்கியும் வருகிறது என்று டெசிபலில் சொல்லாதவரை, இரண்டு முனைகளை மட்டும் சொல்வதால் ஒன்றும் விளங்காது. 50 மில்லிமீட்டர் டிரைவரும் அப்படித்தான். 40 மில்லிமீட்டரில் தெளிவாக ஒலிப்பதும் உண்டு, 50-இல் குழம்புவதும் உண்டு. உனக்கு உபயோகமான எண் ஸ்டிங்கரின் மின்தடை 30 ஓம் என்பது. அதற்குத் தனி ஆம்பிளிஃபயர் தேவையில்லை, உன் லேப்டாப்பே போதும் என்று அதற்குப் பொருள்.

நாங்கள் வேலை செய்த டெலிபோன் ஒயரில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் குரல் போகும். அந்தக் குறுகிய பாதையிலேயே ஊர்ப் பெயரும் நம்பரும் ஆளின் அவசரமும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டன. பேச்சு புரிவதற்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த நடு அலைவரிசையில்தான் இருக்கிறது. உன் கேமில் காலடி எங்கிருந்து வருகிறது, யார் துப்பாக்கியில் குண்டு மாற்றுகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் உரசலும் கிளிக்கும் நடு ஒலிகளிலும் அதற்குச் சற்று மேலேயும்தான் அடையாளம் பெறுகின்றன. உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலிருக்கும் ஒலிகளை மறைத்துவிடும் என்பது காதின் இயல்பு; மேலே இருப்பது கீழே இருப்பதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. குண்டு வெடித்தால் தாடை அதிர வேண்டும் என்று பேஸைத் தூக்கிவைத்த ஹெட்செட் கடையில் மனத்தைக் கவரும், ஆட்டத்தில் காலடியை விழுங்கிவிடும்.

இதைச் சோதிக்கக் கேமைவிட நல்லது நாகசுரக் கச்சேரி. நீ சிரிப்பாய், ஆனாலும் செய்து பார். தவில் உச்சத்தில் இருக்கும்போது தாளம் போடுகிறவரின் ஜால்ரா தனியாகக் காதில் விழுகிறதா என்று கேள். விழுந்தால் அந்த ஹெட்செட்டில் காலடியும் விழும். ஸ்டிங்கரில் பேஸ் கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் ஜால்ரா முழுகிப்போகவில்லை. ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் பேஸைச் சற்று இறக்கியதும் இன்னும் தெளிவானது. பிறகு இரண்டு காதிலும் ஒன்றாக வரும் தனிக் குரல் ஒன்றைக் கேள். வானொலிச் செய்தி போதும். குரல் நெற்றிக்கு நேராக நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு டிரைவர்களும் ஒத்துப்போகவில்லை, அல்லது ஒரு பக்க மெத்தை சரியாகப் படியவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து மறுபடியும் கேட்டால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

7.1-க்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே. ஒரு காதுக்கு ஒரு டிரைவர்தான் உள்ளே இருக்கிறது. பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதுக்கு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம் தாமதமாகவும் சற்று மெலிந்தும் சேர்வதை வைத்து இடமா வலமா என்று மூளை கணக்கிடுகிறது. முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் ஒலியை மாற்றும் விதத்திலிருந்து அறிகிறது. இதையே சாஃப்ட்வேர் கணக்குப்போட்டு இரண்டு காதுக்கும் தருவதுதான் எச்ஆர்டிஎஃப் என்பது. நீ விளையாடும் வேலரன்டிலேயே 2021 முதல் அது இருக்கிறது. கேம் ஒரு முறை கணக்கிட்டதை ஹெட்செட்டின் 7.1 இன்னொரு முறை கணக்கிட்டால் திசை கூர்மையாகாது, கலங்கித்தான் போகும். இரண்டில் ஒன்றை மட்டும் போட்டுக்கொள்.

சாதாரண புளூடூத் இந்த வேலைக்கு ஆகாது. ஒலி தாமதமாக வரும். அதோடு மைக்கைத் திறந்தவுடன் பாட்டுக்கான வழியை மூடிக்கொண்டு போன் பேச்சுக்கான வழிக்கு மாறிவிடுவதால் கேமின் ஒலியும் சேர்ந்து மெலிந்துவிடும். தனி யுஎஸ்பி துண்டோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒயர்லெஸ்ஸில் இந்தத் தொல்லை குறைவு. அந்த ஜி435 அந்த வகை. ஆனாலும் உன் பணத்தில் பேட்டரிக்கும் ரேடியோவுக்கும் ஒரு பங்கு போய்விடும் என்பதால் ஒயர் உள்ளதையே வாங்கு. லேப்டாப்பில் ஒரே துளைதான் என்றால் ஒற்றைப் பின் போதும். ஸ்டிங்கரின் ஒயர் 1.3 மீட்டர், மைக்குக்கும் ஒலிக்கும் தனித்தனிப் பின்களாகப் பிரியும் 1.7 மீட்டர் நீட்டிப்பும் உண்டு. மைக்கை மேலே தூக்கினால் குரல் நின்றுவிடும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒயரைக் கழற்ற முடியாது என்பது பிடிக்கவில்லை. காதோரம் ஒயர் அறுந்தால் பிரித்துப் பற்றவைக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வால்யூம். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி நேரம், 86-க்கு 10, 89-க்கு ஐந்தே மணி நேரம். மெத்தை சரியாகப் படியாத ஹெட்செட்டில் காலடி கேட்கவில்லை என்று நீ வால்யூமை ஏற்றுவாய். அடுத்த நொடி காதுக்குப் பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கும். பொருத்தத்தை முதலில் பார் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான்.

என் முடிவைக் கேட்டால், கண்ணாடி போடும் உனக்கு முதலில் ஜி335-ஐப் பார்க்கச் சொல்வேன். துணி மெத்தை, நாடா, குறைந்த எடை மூன்றும் உனக்கு ஒத்துவரும். அறையில் சத்தம் அதிகம், துணி அதைத் தடுக்கவில்லை என்றால் ஸ்டிங்கர். எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துவைத்து, பில்லையும் பெட்டியையும் அதுவரை பத்திரமாக வைத்திரு. ஹெட்செட் கைக்கு வந்த வாரத்தின் விடுமுறையிலேயே கண்ணாடியோடு மூன்று மணி நேரம் தொடர்ந்து போட்டுப் பார்.

மைக்கை மட்டும் நீயே சோதிக்க முடியாது. உன் குரல் எதிர்முனையில் எப்படிக் கேட்கிறது என்பதை எதிர்முனையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஃபேனை மூன்றில் வைத்துவிட்டு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரமாக இரண்டு விரல் தள்ளி வைத்து, லேப்டாப்பிலிருந்து என்னைக் கூப்பிடு. ஒன்பதரை மணி வரை விழித்திருப்பேன். ஃபேன் சத்தம் எவ்வளவு வருகிறது, ப-வும் ச-வும் காதில் அடிக்கிறதா என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா