'அந்த வயசுதான்' என்று விட்டுவிடக் கூடாத ரத்தப்போக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றிய கட்டுரைகளில் 'இது இயற்கையான மாற்றம், பயப்பட வேண்டாம்' என்ற வரி தவறாமல் இடம்பெறும். உண்மைதான். ஆனால் அந்த வரியை நம்பியே, மருத்துவரிடம் காட்ட வேண்டிய ரத்தப்போக்கை மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்கள் ஏராளம். எது இயற்கை, எது இல்லை என்பதையும் கூடவே எழுத வேண்டும்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. பெரும்பாலும் இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நடக்கும். 40 வயதுக்கு முன்பே நின்றால் அது வேறு விஷயம். கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் குழப்பமானவை. பல மாதங்களில் கருமுட்டை வெளியாகாது. முட்டை வெளியாகாவிட்டால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது. இன்னொரு ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உள்சவ்வைத் தடிக்கவைத்துக்கொண்டே போகும். இரண்டு மாதம் ஒன்றுமே வராமல் இருந்து, பிறகு பத்து நாள் ரத்தம் கட்டி கட்டியாகப் போவது இதனால்தான். ஆனால் கருப்பை நார்த்திசுக்கட்டி (ஃபைப்ராய்டு), பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, தைராய்டு கோளாறு, சவ்வின் புற்றுநோய் ஆகியவையும் இதே முகத்தோடுதான் வரும். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய யாராலும் முடியாது.

ஆகவே ஒரு சிறு நோட்டு போதும். தேதி, அன்று மாற்றிய பேட் எத்தனை, ரத்தக்கட்டி விழுந்ததா, இடையில் கறை பட்டதா, அவ்வளவுதான். '4ஆம் தேதி, 7 பேட், கட்டி உண்டு. 5ஆம் தேதி, 8 பேட், இரவில் இருமுறை எழுந்து மாற்றியது' என்று இரண்டு வரி இருந்தால், 'கொஞ்சம் அதிகமாகப் போகுது டாக்டர்' என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு பயன்படும். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, 21 நாளுக்குள் மறுபடி வந்தாலோ, உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ நாள் கடத்தக் கூடாது. மணிக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

நின்று 12 மாதம் கழிந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது மாதவிடாய் அல்ல. 'திரும்ப வந்துடுச்சு' என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது மனம் பதறுகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சவ்வு மெலிந்ததுதான் காரணமாக இருக்கும். ஆனால் சுமார் பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கிறது. தொடக்கத்திலேயே பிடித்தால் நன்றாகக் குணமாகும் நோய் அது. பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் சவ்வின் தடிமன் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தாலோ, மெலிதாகவே இருந்தும் ரத்தம் திரும்பத் திரும்பப் பட்டாலோ பயாப்ஸி, அதாவது சவ்வில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, வேண்டும். 'பாப் ஸ்மியர் சரியாக இருந்தது' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அது கருப்பை வாய்க்கான சோதனை. உள்சவ்வைப் பற்றி நம்பகமாக எதுவும் சொல்லாது.

உடல் திடீரெனக் கொதித்து வியர்ப்பதற்குக் காரணம், மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சிறு வெப்ப மாற்றத்துக்கே துணுக்குறுவதுதான். சில நிமிடங்களில் அடங்கிவிடும்; ஆனால் இரவில் நான்கு முறை வந்தால் தூக்கமே போய்விடும். குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சைதான் இதற்கு மிகப் பலன் தருவது. 2002இல் இந்தச் சிகிச்சை பற்றிய அமெரிக்க ஆய்வொன்று இடையில் நிறுத்தப்பட்ட செய்தியிலிருந்து இதன் மீது பயம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக ஆபத்தைவிட நன்மையே அதிகம். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கவே கூடாது. கூடவே புரோஜெஸ்டிரோன் இல்லாவிட்டால் சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு வழி திறக்கும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் பொதுவாக இந்தச் சிகிச்சை கிடையாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் உண்டு. ஈஸ்ட்ரோஜனைத் தோலில் ஒட்டும் பட்டையாக எடுத்தால் ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

45 வயதைக் கடந்தவர்களுக்கு 'நின்றுவிட்டதா' என்று பார்க்க ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை. அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அதிகம் ரத்தம் போகிறவர்களுக்கு ஹீமோகுளோபினும், படபடப்பும் வியர்வையும் உள்ளவர்களுக்குத் தைராய்டும் பார்ப்பது பயனுள்ளது.

கருத்தடையை உடனே விட்டுவிட வேண்டாம்: 50 வயதுக்குள் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து 2 ஆண்டுகள், அதற்குப் பின் என்றால் 1 ஆண்டு.

உடல் கொதிப்பு காலப்போக்கில் தணியும். ஆனால் பெண்ணுறுப்பு வறட்சியும் அடிக்கடி வரும் சிறுநீர் எரிச்சலும் தாமாகத் தணிவதில்லை, கூடிக்கொண்டே போகும். இதற்குப் பெண்ணுறுப்பின் உள்ளே வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ கிரீமோ பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இருமுறை. ரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கும். கூச்சத்தால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் 'உறவின்போது எரிகிறது' என்று ஒரு சீட்டில் எழுதி மருத்துவரிடம் நீட்டினாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி