சவ்வைக் கிழிப்பதெல்லாம் மருந்தாகிவிடாது

அன்புள்ள மகளுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. தாவரச் சாறு விட்ட கிண்ணத்தில் லீஷ்மேனியா என்ற அந்த ஒற்றைச்செல் ஒட்டுண்ணி ஒன்றுகூட நீந்தவில்லை. சாயம் ஏறி எல்லாம் செக்கச்செவேலென்று ஒளிர்கின்றன. “செல்லின் சவ்வைத் துளைத்துக் கொல்லுதும்மா” என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம்தான். ஆனால் அந்த வரியை ஆய்வேட்டில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறு.

சாயம் எப்போது ஏறியது? நீ பார்த்தது 24 மணி நேரம் கழித்து. எதனால் செத்தாலும் ஒரு நாள் போனால் சவ்வு கிழிந்துதான் கிடக்கும். நீ போட்ட சாயமான புரோபிடியம் அயோடைடு நல்ல சவ்வைத் தாண்டாது, ஓட்டை விழுந்தால்தான் உள்ளே போய் டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும். அதனால் சாறு விட்டதிலிருந்தே கவனி. சில நிமிடங்களில் ஒளிர்ந்தால் அடி விழுந்தது சவ்வில்தான் என்று சொல்ல வாயிருக்கும். மணிக்கணக்கானால் அடி வேறெங்கோ விழுந்து, சவ்வு கடைசியில் போயிருக்கலாம்.

அடுத்தது, யாருடைய சவ்வு? குலுக்கினால் நுரை அடங்கவே மாட்டேன் என்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்போதே எனக்குச் சபோனின் மேல்தான் சந்தேகம், சோப்பு மாதிரி நுரைக்கும் தாவரப் பொருள் அது. அதன் ஒரு பக்கம் சர்க்கரைச் சங்கிலி, மறுபக்கம் கொழுப்பில் கரையும் பகுதி. சவ்வுக்குள் சொருகிக்கொண்டு அங்குள்ள ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளோடு சேர்ந்து ஓட்டை போடும். நம் செல்லில் அது கொலஸ்ட்ரால். லீஷ்மேனியாவில் பெரும்பாலும் எர்கோஸ்டெரால் வகை. இந்த இரண்டையும் பிரித்தறியும் மூலக்கூறு கிடைத்தால் அதிர்ஷ்டம். மண் பாக்டீரியா தரும் ஆம்போடெரிசின் பி என்ற மருந்து ஓரளவு பிரித்தறிகிறது, அதற்கே சிறுநீரகம் அடிபடுகிறது.

சபோனின்களில் பலவற்றுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. மலேரியா ஆய்வகங்களில் நடப்பதைப் பார்: நீர்த்த சபோனினை விட்டால் சிவப்பணுவின் சவ்வு உடையும், உள்ளிருக்கும் ஒட்டுண்ணி முழுசாக வெளியே வரும். ஒட்டுண்ணியின் சொந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு என்பதால் அது தப்பிக்கிறது. அதாவது வீடு இடிகிறது, திருடன் பிழைக்கிறான்! ஆகவே, உன் லீஷ்மேனியாவுக்குப் போட்ட அதே அளவுகளைக் கழுவிய சிவப்பணுக்களுக்கும் போடு. 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துச் சுழற்றி எடு. மேல்நீர் தெளிவாக நின்றால் சரி, சிவந்தால் உன் சாறு பகை நட்பு பாராமல் வெட்டுகிறது.

2014-இல் வந்த ஓர் ஆய்வை எடுத்துப் படி. குர்குமின், ரெஸ்வெரட்ரால், கேப்சைசின் முதலிய தாவரச் சேர்மங்கள் கொழுப்பு அடுக்கின் இயல்பையே மாற்றி, அதில் பதிந்திருக்கும் சம்பந்தமில்லாத பல புரதங்களின் வேலையைக் கலைக்கின்றன என்று அது காட்டியது. இதைப் படித்த பிறகு, ‘இந்தப் புரதத்தைத் தடுக்கிறது, அந்தப் புரதத்தைத் தடுக்கிறது’ என்று வரும் கட்டுரைகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

ஜெயித்த தாவர மருந்துகளைப் பார்த்தால் சவ்வோடு சண்டைக்கே போவதில்லை. மலேரியா மருந்தான குயினைன் மின்னூட்டம் இல்லாத நிலையில் சவ்வைத் தாண்டுகிறது. மலேரியா ஒட்டுண்ணியின் அமிலம் நிறைந்த உணவுப் பைக்குள் போனதும் புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே சேர்கிறது. ஹீமோகுளோபினைத் தின்ற பிறகு மிஞ்சும் ஹீம் கழிவு படிகமாவதை அது கெடுப்பதாகத்தான் பரவலாகக் கருதுகிறார்கள். இன்னொரு மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினும் சத்தமில்லாமல் உள்ளே போய், ஹீமின் இரும்பு பட்ட பிறகே வீரியம் காட்டுகிறது.

உன் லீஷ்மேனியா நோயாளியின் உடம்பில் நீந்திக்கொண்டா இருக்கிறது? கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற நம் செல்லுக்குள் ஒரு பைக்குள் பதுங்கியிருக்கிறது. செல்லின் சவ்வு, பையின் சவ்வு, பிறகு ஒட்டுண்ணியின் சவ்வு. முதலில் எதிர்ப்படும் சவ்வையே உடைக்கிற பொருள் மூன்றாவதுவரை எப்படிப் போய்ச் சேரும்? அதனால் மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் வடிவத்திலும் சோதி. சீரம் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை செய். சீரத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் இழுத்துக்கொண்டால் பாதி வீரியம் அங்கேயே போய்விடும்.

சிவப்பணுச் சோதனையை முதலில் முடித்துக் குழாய்களின் படத்தை அனுப்பு. மேல்நீர் தெளிவாக இருந்தால் சாற்றிலிருந்து எதைப் பிரித்தெடுப்பது என்று பேசலாம். சிவந்திருந்தாலும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா