கூடாரத்தில் நடந்த பதவியேற்பு

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்கு ஆசைதீரத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் பழையபடிதான்.

சிறிய நாட்டுக்குக் கண்டிப்பான தலைவர்தான் தேவை என்று மொட்டைமாடியில் அடித்துப் பேசுவாயே, அதற்குப் பொருத்தமான ஒருவரைப் பற்றி இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்: சமோவாவின் முன்னாள் பிரதமர் துயிலாயெபா சைலேலே. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வாழும் அந்தப் பசிபிக் தீவு நாட்டை 1998 முதல் 2021 வரை ஆண்டவர்.

உன் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கும் உறவினர்கள் மலிவான கார்களை அனுப்ப வசதியாக இருக்கும் என்று, 2009 செப்டம்பர் 7 அன்று நாட்டின் வாகனங்கள் அனைத்தையும் சாலையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார். ஊர்வலமும் வழக்கும் வந்தும் அவர் அசையவில்லை. அவ்விரு நாடுகளோடு வேலைநாட்கள் ஒத்துப்போவதற்காக 2011இல் நாட்டையே சர்வதேசத் தேதிக்கோட்டின் (நாள் மாறும் எல்லைக்கோட்டின்) மறுபக்கத்துக்கு மாற்றியதில், அந்த ஆண்டின் டிசம்பர் 30 சமோவாவில் வராமலே போயிற்று. பிப்ரவரி 29இல் பிறந்த நம் கோபாலன் கேட்டால் ஆறுதல் அடைவான்.

ஆனால், சுந்தரம், 2016 தேர்தலுக்குப் பின் முறையான எதிர்க்கட்சி என்று சொல்லும் அளவுக்குக்கூட நாடாளுமன்றத்தில் எதிர்த்தரப்பினர் இல்லை. நிலம், குலத்தலைவர் பட்டங்கள் தொடர்பான நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கும் மசோதாக்களை ஏற்க மறுத்து 2020இல் பதவி விலகியவர், அவருடைய துணைப் பிரதமரான ஃபியாமே நவோமி மத்தாஅஃபாதான். மறு ஆண்டு ஏப்ரல் தேர்தலில், அவர் தலைமையேற்ற ஃபாஸ்ட் கட்சிக்கும் ஆளுங்கட்சிக்கும் ஆளுக்கு 25 இடங்கள் கிடைக்க, ஒற்றைச் சுயேச்சை ஃபியாமேயின் பக்கம் சேர்ந்தார். பெண்களுக்குப் பத்து விழுக்காடு இடம் என்று துயிலாயெபாவின் ஆட்சி 2013இல் கொண்டுவந்த நல்ல ஏற்பாட்டையே காரணம் காட்டி, தேர்தல் ஆணையம் ஆளுங்கட்சிக்குக் கூடுதலாக ஓர் இடம் கொடுத்தது. பிறகு தேர்தலே செல்லாது என்று மறுதேர்தலும் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மே 24 அன்று உறுப்பினர்கள் வந்தபோது நாடாளுமன்றக் கதவு பூட்டிக் கிடந்தது. ஃபியாமேயும் அவர் அணியினரும் வெளியே புல்வெளியில் கூடாரம் போட்டு உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். அது செல்லும் என்று ஜூலை 23இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே துயிலாயெபா ஒதுங்கினார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் எதிர்ப்புகளை மீறியே வென்ற ஒருவருக்கு, வாக்காளர்கள் சொன்ன மறுப்பும் மீறத்தக்க இன்னோர் எதிர்ப்பாகவே தோன்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். கண்டிப்பைப் புகழும்போது நீ இதையும் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

உடனே துள்ளாதே, உனக்கும் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. 2025 ஆகஸ்ட் தேர்தலில், எண்பது வயதிலும் கட்சித் தலைவராக நின்ற அவருக்கு, ஃபாஸ்டிலிருந்து பிரிந்த ஃபியாமேயின் புதிய கட்சி பெற்ற மூன்றைவிட அதிக இடங்கள் கிடைத்தன. ஆட்சியைப் பிடித்தது வேறொருவர் தலைமையிலான ஃபாஸ்ட்.

மறுப்பை எழுதி அனுப்பு. தொலைபேசி வேண்டாம், பாதியில் கத்தத் தொடங்கிவிடுவாய்.

அன்புடன்,
ராகவன்