முதல் கேசட்டில் கை வைக்காதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. போனில் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். இது போனில் பேசி முடிக்கிற விஷயமில்லை. நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நீ மூன்று விஷயம் கேட்டிருந்தாய். உங்கள் பேண்டின் முதல் கேசட், அந்த மூலப் பிரதி வேண்டும். அதிலிருக்கிற இரைச்சலைச் சுத்தம் செய்து தர வேண்டும். டிரம்ஸை மட்டும் இப்போது உங்களோடு இருக்கிற பையன் புதிதாக வாசித்துச் சேர்ப்பான், அதனால் பழைய டிரம்ஸை முடிந்தவரை அமுக்கித் தர வேண்டும். முதல் வேலை முடிந்தது. இரண்டாவதில் கொஞ்சம்தான் செய்திருக்கிறேன். மூன்றாவதை நான் செய்ய மாட்டேன் அம்மா. ஏன் என்று சொல்கிறேன்.

கேசட் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. டெக்கில்தான் ரப்பர் பெல்ட் கூழாகி, விரலில் தார் மாதிரி ஒட்டியது. பெல்ட் மாற்றி, ஸ்பிரிட் தொட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் அசிமத் ஸ்குரூவை முடி அளவு முடி அளவாகத் திருப்பி, டிரம்ஸின் ஜோடித் தாளமான ஹை-ஹாட் சத்தம் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தினேன். ஏழு பாட்டு, மொத்தம் பதினோரு நிமிடம். ஒரே மூச்சில் கேட்டு முடித்தேன். கேட்டதும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. உன் குரல் உன் குரல் மாதிரி இல்லை, பத்து வயதுக் குழந்தை கத்துவது போலக் கீச்சென்று இருந்தது. நீங்கள் வாசித்த வேகமும் எனக்கு ஞாபகமிருந்ததைவிட அதிகம்.

அன்று நாம் பதிவு செய்த ரெக்கார்டரின் மோட்டார் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாகும், சுருதியும் ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, நீ அழிக்கச் சொன்ன அந்த 'உம்ம்ம்' சத்தம்தான் உதவியது. கிட்டார் ஆம்ப்ளிஃபையரிலிருந்து, அதாவது ஆம்பிலிருந்து, வந்த கரண்ட் ஹம் அது. மின்சாரம் வினாடிக்கு 50 சைக்கிள், அதன் இரட்டிப்பான 100இல் ஹம் நன்றாகக் கேட்கும். கேசட்டில் அளந்தால் 104 காட்டியது. நூற்றுக்கு நான்கு அதிகம், அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் கீழ். அந்த நான்கைக் குறைத்தேன். உடனே உன் குரல் வந்துவிட்டது. பதினேழு வயதில் நீ கத்திய அதே குரல், பின் அறைக் கதவைத் தாண்டி எனக்குக் கேட்ட அதே குரல். எந்திரத்தால் வந்த தவறு என்பதால் அதைத் திருத்தினேன். நீங்கள் வாசித்த எதையும் தொடவில்லை.

பாட்டில் சத்தம் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்குகிறது, அது குறை என்று எழுதியிருந்தாய். ரெக்கார்டரில் சத்தத்தின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோல் இருந்தது. ஸ்னேர் டிரம்மில் ஓங்கி ஓர் அடி விழுந்ததும் சர்க்யூட் பயந்து எல்லாவற்றையும் கீழே இழுக்கும். பிறகு மெல்ல மெல்ல விடும். அந்த இடைவெளியில்தான் உன் கிட்டார் உள்ளிருந்து பொங்கி மேலே வருகிறது. ஒவ்வொரு அடிக்கும் அப்படி. டிரம்ஸை எடுத்துவிட்டால், உன் கிட்டார் ஏன் அமுங்குகிறது, ஏன் எழுகிறது என்று கேட்கிறவனுக்குப் புரியாது. அன்று டிரம்ஸ் வாசித்த பையனின் கை உன் கிட்டாருக்குள் கலந்து கிடக்கிறது. இன்றைக்குப் பிரித்தெடுக்க சாஃப்ட்வேர் இருக்கிறது, எனக்கும் தெரியும். பிரிக்க முடியாது என்பதற்காக நான் மறுக்கவில்லை.

அந்தப் பின் அறையை நினைத்துப் பார். ஜன்னலில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்தோம். கதவிடுக்கில் துணி அடைத்தோம். அப்படியும் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் என்று நான்தான் பேசி ஒப்புக்கொண்டு வந்தேன். நீயும் பேஸ் வாசிக்க வந்த உன் தோழியும் ஏற்கனவே ஏதோ உருட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் கையிலிருந்த பேஸில் நான்கு தந்தியில் மூன்றுதான் இருந்தது. டிரம்ஸுக்கு ஆள் இல்லை. அப்போதுதான் அந்தப் பையனைக் கூட்டி வந்தாய். "இவனுக்கு வாசிக்கத் தெரியாதுப்பா, ஆனா நிறுத்தாம அடிப்பான்" என்றாய். முதல் மூன்று வாரம் அவன் பிளாஸ்டிக் வாளியில்தான் அடித்தான். பிறகு எங்கிருந்தோ ஒரு ஸ்னேரும், ஹை-ஹாட்டும், காலால் மிதித்து அடிக்கிற, தோல் கிழிந்த ஒரு கிக் டிரம்மும் வந்தன. கிழிசலுக்கு உள்ளேயும் வெளியேயும் பட்டி ஒட்டிக் கொடுத்தேன்.

அவன் மிதிக்க மிதிக்க அந்தக் கிக் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். பாட்டு முடிவதற்குள் அவன் காலை நீட்டிக்கொண்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருப்பான். செங்கல் வைத்தோம், செங்கலையும் தள்ளிக்கொண்டு போனது. கடைசியில் டிரம்மையும் அவன் உட்கார்ந்த ஸ்டூலையும் கயிறு போட்டுக் கட்டினேன். அவன் எடையே டிரம்மைப் பிடித்து நிறுத்தியது. அந்தக் கயிறு தரையில் உரசும் சத்தம்கூட கேசட்டில் இருக்கிறது, நான்காவது பாட்டு தொடங்கும் முன். ஹெட்போன் போட்டுக் கேள்.

அந்த நாட்களில் உங்களிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. ஸ்பீக்கர் விஷயம் ஞாபகமிருக்கிறதா? கிட்டார் ஆம்பில் ஸ்பீக்கரின் காகிதக் கோன் கிழிந்து கரகரத்தது. ரிப்பேர்க்காரன் நான், விடுவேனா? நீ இல்லாத நேரத்தில் மெல்லிய காகிதம் வெட்டி, பசையை நீர்த்துத் தடவி, விளிம்பு தெரியாமல் ஒட்டி, ஒரு நாள் உலரவைத்து மாட்டினேன். அவ்வளவு சுத்தமாக வந்தது. நீ வந்து ஒரு கார்ட் அடித்தாய். முகம் விழுந்துவிட்டது. "அப்பா, அந்தக் கிழிசல்தாம்ப்பா சவுண்டு" என்றாய். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. நீ வீட்டை விட்டுப் போன பிறகு, உன் அலமாரியில் கிடந்த ஜெராக்ஸ் பத்திரிகைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க வெளியிலும் தேடினேன். 1964இல் கிங்க்ஸ் பேண்டின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் கோனை பிளேடால் கீறியே அந்தக் கரகரப்பை வரவழைத்திருக்கிறார். அதற்கு முன்பே 1958இல் லிங்க் ரே என்ற கிட்டார்காரர் ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டிருக்கிறார். நான் அக்கறையோடு அடைத்தது எதை என்று அப்போதுதான் விளங்கியது.

இரண்டே சுரத்தைச் சேர்த்து அடிக்கிற அந்தப் பவர் கார்ட் விஷயமும் அப்படித்தான். ஏன் இரண்டே சுரம் என்று உன்னைக் கேட்டுக்கொண்டே இருப்பேன், நீ "அதான் நல்லாருக்கு" என்று முடித்துவிடுவாய். சர்க்யூட் தெரிந்தவன் என்ற முறையில் பிறகு நானே யோசித்தேன். ஆம்பைத் தாங்காத அளவுக்கு ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலைகள் ஒன்றோடொன்று மோதிப் புதுப்புதுச் சுரங்களைப் பெற்றெடுக்கும். மூன்று சுரம் வைத்தால் அந்தக் குட்டிகள் எல்லாம் சேர்ந்து சேறாகிவிடும். ஸவும் பவும் மட்டும் வைத்தால் இரண்டுக்கு மூன்று என்ற எளிய கணக்கு, எல்லாம் ஒழுங்காக ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். மேஜரா மைனரா என்று சொல்லும் சுரம் அங்கே இல்லவே இல்லை. பாட்டு சோகமா கோபமா என்று உன் குரல்தான் சொல்ல வேண்டும். ராமோன்ஸ் என்ற பங்க் பேண்டின் கிட்டார்காரர் ஜானி ராமோன் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடிப்பார், மேல் அடி கிடையாது. அவர்களின் 1976ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம்தான். மணிக்கட்டு வலிக்கிறது என்று நீ இரவில் வெந்நீரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான் என்று பின்னால் தெரிந்தது. அன்றே தெரிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டேன்.

முதல் ஷோவைப் பற்றி நீ எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். "அவன் சொதப்பினதாலதான் கரண்டை நிறுத்தினாங்க" என்கிறாய். அது உண்மை இல்லை. நான் மிக்சருக்குப் பக்கத்தில் நின்றேன். இருபது பேருக்கு மேல் கூட்டம் இல்லை. மூன்றாவது பாட்டில் அவன் முன்கூட்டியே முடித்துவிட்டான், வாஸ்தவம். நீங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள், நீ "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று மறுபடி கத்தினாய், திரும்ப ஆரம்பித்தீர்கள். அந்த இடத்தில்தான் முன்வரிசையில் நின்றவர்கள் குதிக்கத் தொடங்கினார்கள். சத்தம் அதிகம் என்று நடத்தியவர்கள் முதல் பாட்டிலேயே என்னிடம் வந்து சொல்லியாகிவிட்டது. ஐந்தாவது பாட்டில் ஸ்விட்சை அணைத்தார்கள். ஆம்ப் செத்தது, மைக் செத்தது, பேஸ் செத்தது. கரண்ட் தேவைப்படாதவன் அங்கே ஒருவன்தான். அவன் நிறுத்தவில்லை. நீ மைக் இல்லாமல் பாடினாய், கூட்டம் கைதட்டியது, பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினீர்கள். நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இரண்டாவது ஷோவுக்கு அவன் வராமல் போனதும், நீங்கள் பேச்சை நிறுத்தியதும் உங்களுக்குள் உள்ள விஷயம். அதில் நான் நுழையவில்லை. அவன் வீட்டில் நிலைமை சரியில்லை, வேலைக்குப் போக வேண்டி வந்தது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஆனால் எட்டு மாதம் அந்த அறையில் ஸ்டூலோடு கட்டுண்டு உட்கார்ந்திருந்தவன் அவன். அந்தப் பதினோரு நிமிடத்தில் அவன் இடத்தில் இன்னொருவன் கையை வைத்துவிட்டு, 'எங்கள் முதல் பதிவு' என்று அட்டையில் போட்டால் அது பொய் அம்மா. உன் இப்போதைய டிரம்மர் நல்ல பையன், என்னைவிட உனக்குத் தெரியும். அவனுக்கும் இது கௌரவம் இல்லை.

டெட்ராய்ட்டில் டெத் என்று ஒரு பேண்ட், உனக்குத் தெரிந்திருக்கும். டேவிட், பாபி, டானிஸ் என்று மூன்று சகோதரர்கள். 1975இல் ஏழு பாட்டு பதிவு செய்தார்கள். பெயரை மாற்றினால் வாய்ப்பு என்றார்கள், டேவிட் முடியாது என்றுவிட்டார். 1976இல் தாங்களாகவே ஒரு சிங்கிளை 500 பிரதி அடித்தார்கள், அதோடு சரி. டேப்புகள் பரணில் கிடந்தன. டேவிட் 2000இல் இறந்துபோனார். பாபியின் பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் அப்பா இப்படி ஒரு பேண்டில் இருந்தார் என்று தாங்களாகக் கண்டுபிடித்தார்கள். 2009இல் அந்த ஏழு பாட்டும் ஆல்பமாக வந்தது. கிட்டார் டேவிட்டுடையதுதான். அதைவிட நன்றாக வாசிக்க எத்தனையோ பேர் கிடைத்திருப்பார்கள்.

இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் பேண்ட் செய்ததைப் பார். குடும்பத்திலும் நண்பர்களிடமும் 500 பவுண்ட் கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28ஆம் தேதி நான்கு பாட்டு பதிவு செய்து, அடுத்த மாதமே சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். டிரம்மர் ஜான் மேயருக்கு அப்போது 16 வயது. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை வாசித்தது, மேலே எதையாவது சேர்த்துப் பதிந்தார்களா இல்லையா என்பதை அட்டையின் பின்பக்கமே அச்சடித்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. நீயும் அப்படிப் போடு. 'ஒரே மைக், ஒரே டேக், மோட்டார் மெதுவாகச் சுற்றியது, வேகம் நூற்றுக்கு நான்கு சரிசெய்யப்பட்டது' என்று போடு. மூன்றாவது பெயராக அவன் பெயரைப் போடு.

அட்டையை பிரஸ்ஸில் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அது உன் இஷ்டம். ஆனால் முதல் முறை நாற்பது கேசட்டுக்கு நீங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து ஜெராக்ஸ் தாளை வெட்டி மடித்தீர்கள். வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் பேண்ட் 1980இல் கலைந்த பிறகும், ஷோக்களில் சேர்ந்த காசைப் பங்கு போடாமல் தங்கள் பாட்டை ரெக்கார்டாக அடித்தது. வேறொரு ரெக்கார்டின் உறையைப் பிரித்துப் பார்த்து, அதே அளவுக்கு வெட்டிக் கையாலேயே ஒட்டினார்கள். டிஸ்கார்ட் லேபிள் அப்படித்தான் தொடங்கியது. உன்னிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை, நான் இதைப் படித்த பத்திரிகையே உன்னுடையதுதான். அந்த நாற்பதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. மடிப்பு கோணலாக இருக்கிறது, அது அவன் மடித்தது.

பார்சலில் என்னென்ன இருக்கிறது என்று எழுதிவிடுகிறேன். மூலக் கேசட். டிஜிட்டல் பிரதி இரண்டு பென்டிரைவில், இரண்டும் ஒன்றேதான். ஒன்று உனக்கு. இன்னொன்றில் நான் எதுவும் எழுதவில்லை, அது யாருக்கு என்று உனக்கே தெரியும். அவன் இப்போதிருக்கும் முகவரியை உள்ளே ஒரு துண்டுத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். போன மாதம் அவனே ஒரு ரேடியோவைச் சரி பார்க்க எடுத்துக்கொண்டு வந்தான். உன்னைப் பற்றிக் கேட்டான். கேசட் விஷயத்தை நான் அவனிடம் சொல்லவில்லை.

மூன்றாவது பாட்டுக்கும் நான்காவதுக்கும் நடுவில் அவன் "சாரி, திரும்ப" என்கிறான், நீ சிரிக்கிறாய். அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

கேசட்டை டெக்கில் போடும்போது தவறுதலாகக்கூட ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிடக் கூடாது என்று, மேலே இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டேன். இனி அதன்மேல் எதுவும் பதியாது.

அன்புடன்,
அப்பா